களைக்கொல்லி அடிச்சு கை சுட்டவங்க இருந்தா சொல்லுங்க

செங்குன்றம் வெண்டை:
நானே ஆரம்பிக்கிறேன். போன மாசி, அரை ஏக்கர் வெண்டை. அசுவினிப் பூச்சிக்கு மருந்து அடிக்கணும், நம்ம மருந்து தெளிக்கிற டேங்க் லீக். பக்கத்துல நவரை நெல்லு போட்டிருந்தவர்கிட்ட இரவல் வாங்கினேன். ரெண்டு தரம் தண்ணி ஊத்தி அலசினேன், சத்தியமா. அஞ்சாம் நாள் காலையில போய் பாக்குறேன், கொழுந்து இலையெல்லாம் கோழிக்கால் மாதிரி விரல் விரலா சுருங்கி நிக்குது. தண்டு வேற முறுக்கிக்கிச்சு. வைரஸ்னு நெனச்சு பத்து செடி பிடுங்கி எறிஞ்சேன். அப்புறம் அவர் வந்து எட்டிப் பாத்துட்டு, "அதுலதாம்பா நெல்லுக்கு 2,4-டி களைக்கொல்லி அடிச்சேன்"ங்கறாரு. அந்த "அதுலதாம்பா" இன்னும் காதுலயே இருக்கு.

மாதவரம் கீரைக்காரி:
உங்களுக்காவது செடி நின்னுச்சு. எங்களுது அரைக்கீரை. கடையில பென்டிமெத்தலின் கொடுத்து, விதைச்ச மூணு நாளுக்குள்ள அடிங்க, களையே தலைகாட்டாதுன்னாங்க. காட்டல. கீரையும் காட்டல. முள்ளுக்கீரையை முளைக்க விடாத மருந்து அதோட தங்கச்சி அரைக்கீரையை மட்டும் விடுமா? இது எனக்கு அப்போ தோணல. எட்டாம் நாள் பாத்தி முழுக்க கோரை மட்டும் ஊசி ஊசியா. அதுக்கு கிழங்கு கீழ கெடக்கே, இந்த மருந்து அதை ஒண்ணும் பண்ணாது. மாமியார் வரப்புல குந்திக்கினு, "கோரைக்குத் தண்ணி பாய்ச்சவா?"ன்னு கேட்டாங்க.

புழல் பழைய ஆள்:
கீரைக்காரி, கடைக்காரரைச் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. கத்தரி, தக்காளிக்கு அடிக்கிற மருந்து அது. லேபிள்ல எந்தப் பயிர்னு போட்டிருக்கும், படிக்கணும். வெண்டைத் தம்பி, ரெண்டு தரம் அலசினேன்னு பெருமையா சொல்றீங்க. 2,4-டி வெறும் தண்ணியில போகாது. சலவை சோடா கரைச்சு ராத்திரி முழுக்க ஊற வெக்கணும், குழாய், நாசில், வடிகட்டி எல்லாம் கழட்டி. அதுக்கப்புறமும் மூணு அலசல். களைக்கொல்லிக்குன்னு தனி டேங்க் வெச்சுட்டா இந்தத் தலைவலியே கிடையாது. நாசிலும் விசிறி மாதிரி அடிக்கிறது வேணும், பூச்சி மருந்து நாசில்ல புகை மாதிரி பறக்கும். கிளைபோசேட்ங்கற களைக்கொல்லிக்கு கலங்கல் தண்ணி ஆகாது, மண்ணு மருந்தைப் பிடிச்சுக்கும். அதுவும் 2022 அக்டோபர் உத்தரவுப்படி பூச்சிக் கட்டுப்பாட்டு ஆபரேட்டர்தான் அடிக்கணும், நாம தொடவே கூடாது. என் கதை சின்னது: அந்த உத்தரவுக்கு முன்னாடி, வரப்புல அதை அடிச்சேன், மத்தியானம் கடல் காத்து திரும்பிடுச்சு, ஓரத்துக் கத்தரி மூணு வரிசை பத்து நாள்ல கொழுந்து வெளுத்துப்போச்சு.

மாதவரம் கீரைக்காரி:
அண்ணே, மூணு வரிசையைக் கடைசி வரியில ஒளிச்சு வெச்சுட்டு எங்களுக்குப் பாடமா? கடைக்காரர்கிட்ட அரைக்கீரைன்னு வாயைத் தொறந்து சொல்லித்தான் வாங்கினேன்.

மீஞ்சூர்:
சண்டை வேணாம். களை எடுக்க ஆள் கிடைச்சா யாரு இதைத் தொடப்போறா? எங்க ஊர்ல காலையில கம்பெனி வேன் வந்தா தெருவே காலி. வெண்டை அண்ணே, அந்த டேங்க் இன்னாச்சு?

செங்குன்றம் வெண்டை:
நம்ம மோட்டார் ரூம்லதான் கெடக்கு. அவரும் கேக்கல, நானும் கொடுக்கல.