பிளாஸ்டிக் கவசம்: சுங்கை சிப்புட்டில் செய்து போட்ட அனுபவம்

விண்வெளிப் படைவீரர் கவசம் செய்ய ஆசைப்படும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த கிட் வாங்கலாம்?" என்றுதான். காசு இருந்தால் கிட், அதாவது வெட்டி ஒட்ட வேண்டிய பிளாஸ்டிக் துண்டுகளின் செட், எங்கேயும் வாங்கலாம். அதை உடம்போடு பொருத்துவதில்தான் வேலையே இருக்கிறது. அந்த வேலை தெரிந்தவர்களைத் தேடி கோலாலம்பூருக்கு ஓட வேண்டியதில்லை. எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் எல்லாரும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில், என் வீட்டைச் சுற்றியே இருந்தார்கள். அவர்களைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நான் செய்தது வெள்ளைக் கவசம். 1977-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் படைவீரர்கள் போட்டிருப்பார்களே, அந்த வகை. அந்தப் படத்தின் தலைக்கவசங்களை 1976-ல் லண்டன் ட்விக்கன்ஹாமில் ஒரு சின்னப் பட்டறையில் ஆண்ட்ரு ஐன்ஸ்வொர்த் என்பவர் அச்சில் இழுத்துக் கொடுத்தார். பிளாஸ்டிக் தகட்டைத் தொய்யும்வரை சூடாக்கி, அச்சின்மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சிவிடுவார்கள். தகடு அச்சோடு அப்படியே ஒட்டிப் படியும். ஆறினதும் எடுத்தால் உருவம் வந்துவிடும். இன்றும் கிட் செய்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இழுக்கிறார்கள். பிறகு படநிறுவனம் அவர்மேல் பதிப்புரிமை வழக்குப் போட்டது. 2011-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அந்தத் தலைக்கவசம் சட்டத்தின் கண்ணில் சிற்பம் ஆகாது, படத்துக்குப் பயன்பட்ட ஒரு பொருள்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. தீர்ப்பு எப்படியோ, ஒரு தடவை அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவன் என்கிற முறையில் எனக்கு அது சிற்பம்தான்.

தகடு ஏபிஎஸ் என்கிற பிளாஸ்டிக். கனம் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை இருக்கும். கிட் வரும்போது துண்டுகளைச் சுற்றி வெட்டாத ஓரம் அகலமாக நிற்கும். அதைக் கத்தரிக்கோலால் மல்லுக்கட்டி வெட்ட வேண்டாம். கத்தியால் ஒரே கோட்டில் லேசாக இரண்டு மூன்று முறை கீறி, மடக்கினால் டக்கென்று நேராக உடைந்துவிடும். வளைவான இடத்துக்கு மட்டும் வளைந்த கத்தரி வேண்டும்.

எனக்கு வந்த பெட்டியை அனுப்பும் வழியில் யாரோ நன்றாகப் போட்டு அமுக்கியிருக்கிறார்கள். இடது முழங்கால் தகட்டில் விரல் நீளத்துக்கு விரிசல். அதை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் மோட்டார் சைக்கிள் பட்டறைக்குப் போனேன். பட்டறை அண்ணன் தகட்டை வாங்கி, நகத்தால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நம்ம மோட்டார் கவர்தானே தம்பி. தினமும் நாலு வருது."

உண்மைதான். மோட்டார் கவர் செட்டும் பெரும்பாலும் ஏபிஎஸ்தான். அவர் முதலில் விரிசலைத் தொடவே இல்லை. விரிசல் முடிகிற நுனியைத் தேடிப்பிடித்து, மெல்லிய துரப்பணத்தால் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை போட்டார். நுனியில் குவிகிற அழுத்தம் அந்த ஓட்டையின் வட்டத்தில் பரவிவிடும், விரிசல் அதற்குமேல் ஓடாது. அப்புறம் உள்பக்கம் துருப்பிடிக்காத சல்லடைக் கம்பியைச் சின்னதாக வெட்டி வைத்து, சூடான சோல்டரிங் இரும்பால் தகட்டுக்குள் அமுக்கிப் பதித்தார். வெளிப்பக்கத்துக்கு அவர் ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்தார். வெட்டி எறிந்த ஏபிஎஸ் துண்டுகளை அசிட்டோனில் போட்டு ஒரு இரவு ஊறவைத்த குழம்பு அதில் இருந்தது. அசிட்டோனுக்கு ஏபிஎஸ் கரையும். பூசிய பிறகு அசிட்டோன் ஆவியாகப் போய்விடும், பிளாஸ்டிக் மட்டும் நின்று இறுகும். அந்தக் குழம்பைக் குச்சியால் கொஞ்சமே எடுத்து விரிசலில் இழைத்தார். நன்றாகக் காய்ந்ததும் 240 நம்பர் உப்புத்தாள், பிறகு 400, கடைசியில் தண்ணீர் தொட்டு 1000. எங்கே உடைந்தது என்று இப்போது எனக்கே தேட வேண்டியிருக்கிறது.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். வீட்டில் சாமி விளக்கு எரிகிற நேரத்திலோ அடுப்புக்குப் பக்கத்திலோ அந்தப் போத்தலைத் திறக்கவே கூடாது. வெளியே ஐந்தடி நடைபாதையில் வைத்துக் காற்றோட்டமாகச் செய்யுங்கள்.

கிட் வாங்குகிறவர்கள் வெட்டி எறிகிற ஓரத்தை எல்லாம் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். குழம்புக்கு அதே பிளாஸ்டிக், அதே வெள்ளை வேறெங்கும் கிடைக்காது.

அடுத்து கை, கால் குழாய்கள். இரண்டு பாதித் துண்டுகளை ஒட்டித்தான் ஒரு தொடை வரும், ஒரு முன்கை வரும். கிட்டை இழுத்தவர் மனத்தில் ஒரு வெள்ளைக்கார உடம்பு இருந்திருக்கும் போல. நம்மாட்கள் பலருக்குத் தொடையும் கெண்டைக்காலும் தொளதொளவென்றுதான் வரும். உள்ளே போடும் கறுப்பு உடையைப் போட்டுக்கொண்டு, இரண்டு பாதிகளையும் காகித டேப்பால் சுற்றி, நடந்து பார்த்துவிட்டுத்தான் கோடு போட வேண்டும். ஓரத்தை முன்னும் பின்னும் சமமாகக் குறைத்தால்தான் நடுவில் ஓடும் இணைப்புக் கோடு காலின் நடுவிலேயே நிற்கும். இரண்டு விளிம்புகளையும் முட்டவைத்து, உள்ளே ஒரு பட்டை, வெளியே ஒரு பட்டை வைத்து ஒட்டுவது வழக்கம். கைக்கு 15 மில்லிமீட்டர் பட்டை, தொடைக்கு 20. பசைக்கு நான் ஈ-6000 பயன்படுத்தினேன். முழுதாகப் பிடிக்க ஒரு நாளுக்கு மேலே ஆகும், ஆனால் காய்ந்த பிறகும் கொஞ்சம் இழுபடும். தப்பாக ஒட்டியிருந்தால் மெதுவாக உரித்து எடுத்து மறுபடி ஒட்டலாம். உடனே பிடிக்கிற சூப்பர் பசை கண்ணாடி மாதிரி இறுகிவிடும். ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் பட்டென்று விட்டுவிடும்.

வளைவு சரியாக வராத இடத்துக்கு அம்மாவின் பொங்கல் அண்டா உதவியது. ஏபிஎஸ் நன்றாக இளகுவது ஏறத்தாழ 105 பாகையில். கொதிநீர் 100 பாகைதான். அதனால் தகடு உருகி வழியாது. அரை நிமிடம் முக்கி எடுத்து, கனத்த கையுறை போட்டு அழுத்திப் பிடித்து, அப்படியே பச்சைத் தண்ணீரில் வைத்தால் வளைவு நிற்கும்.

கவசம் செய்கிறவர்கள் அதிகம் பேசாத விஷயம் வார்ப்பட்டை. எல்லாத் துண்டுகளும் ஒட்டி முடித்து, பளபளவென்று தரையில் கிடக்கும். போட்டால் தோள் இறங்கும், தொடை சரிந்து முழங்காலில் இடிக்கும். இதற்கு எனக்கு வழி காட்டியவர், ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஈப்போ கல்லுமலைக்குக் காவடி கட்டிக்கொடுக்கும் ஒரு பெரியவர். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான். கவசம் எதற்கு, எந்தப் படம் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "போட்டுக்கிட்டு வா" என்றார். போட்டேன். "நட. கையத் தூக்கு. குனி. ஆழமா மூச்சு இழு." ஒவ்வொன்றுக்கும் எங்கே உரசுகிறது என்று பார்த்து, தகட்டின் மேலேயே பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார்.

"பாரத்தத் தோளுக்குக் குடுக்காத தம்பி. இடுப்புக்குக் குடு. தோளு சும்மா பிடிச்சுக்கிட்டாப் போதும்."

காவடிச் சட்டத்தின் அடியில் அகலமான இடுப்புவார் இருப்பதை எத்தனை தைப்பூசத்தில் பார்த்திருப்போம். கவசத்துக்கும் அதையே செய்யச் சொன்னார். கறுப்பு உடைக்கு மேலே மூன்று விரல் அகலத்தில் ஒரு உள்வார். இரண்டு தொடைக் குழாய்களும் அதிலிருந்து தொங்கும். வயிற்றுத் தகடும் முதுகுத் தகடும் அதில்தான் உட்காரும். பாரம் தொங்கும் இடத்தில் எல்லாம் இழுபடாத நைலான் வார். மூச்சு விடும்போது விரிகிற விலாப்பக்கத்திலும், கை தூக்கும்போது அசைகிற தோள்மூடியிலும் மட்டும் எலாஸ்டிக். இதை மாற்றிப் போட்டால் அரை மணி நேரத்தில் எல்லாம் கீழே இறங்கிவிடும். தொடைக்குப் பின்னால், முழங்கால் மடிப்புக்கு மேலே, தகட்டின் உள்மடிப்பை முழுதாக எடுத்துவிடச் சொன்னதும் அவர்தான். நடக்கும்போது தொடைத் தகடும் கெண்டைக்கால் தகடும் சேர்ந்து சதையைக் கிள்ளுகிற இடம் அது.

வாரைத் தைத்தது பசார் பக்கத்துத் தையல் அக்கா. தகட்டில் வாரை நேரடியாக ஒட்டவே கூடாது என்று அவர் பிடிவாதமாக நின்றார். உள்ளங்கை அளவு நைலான் துண்டில் பிரஸ் பட்டன் அடித்து, அந்தத் துண்டைத் தகட்டில் ஒட்டி, வாரின் நுனியில் மறுபாதி பட்டனை அடித்துக் கொடுத்தார். வேர்வையில் ஊறின வாரைக் கழற்றித் துவைக்கலாம், அறுந்தால் ஒரு வாரை மட்டும் மாற்றலாம். ரப்பர் காட்டுக்குப் போகிறவர்களுக்குக் காலம் காலமாகப் பையும் உறையும் தைத்துக் கொடுத்த கை அது.

முதல் தடவை வெளியே போட்டது ஒரு தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டி நாளில். தலைக்கவசத்துக்குள் சின்ன மின்விசிறி, கையடக்க பவர் பேங்க். இருந்தாலும் நம் ஊர் வெயிலில் அரை மணிக்கு ஒரு தடவை நிழலுக்குப் போய்த் தலையைக் கழற்றியே ஆக வேண்டும். பிள்ளைகள் முதலில் ஓடினார்கள், பிறகு ஒருவன் வந்து வயிற்றைத் தட்டினான், பிறகு எல்லாரும் தட்டினார்கள். ஒரு மூன்றாம் ஆண்டுப் பெண்பிள்ளை மட்டும் சுற்றிச் சுற்றி வந்து, "இதுல எத்தன துண்டு?" என்று கேட்டாள். உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக எண்ணிக் காட்டினேன். அவள் கேட்ட மாதிரி பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை.

வாசலில் பேரனைக் கூட்டிப்போக வந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தலையைக் கழற்றி, "பாட்டி, நான்தான்" என்று யார் வீட்டுப் பிள்ளை என்று சொன்னேன். கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மூஞ்சி தெரியாம வராதய்யா. தாருராட்டுல அப்படித்தான் வருவானுங்க, யாரு என்னன்னு தெரியாது" என்றார். எங்கள் ஊருக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. 1948 ஜூன் 16-ல் இங்கே தோட்டங்களில் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகுதான் அவசரகாலமே, பாட்டி சொன்ன அந்தத் தாருராட், வந்தது. அவர் அப்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பார். அன்றிலிருந்து, வயதானவர்கள் இருக்கும் இடத்தில் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் முதலில் போய் நிற்கிறேன். புதிதாகச் செய்கிறவர்களும் அப்படிச் செய்யுங்கள்.

*

பீடோரிலிருந்து ஒரு சகோதரி:

நான் என் தம்பிக்காக ஈவா ஃபோம் என்கிற மெத்தென்ற தகட்டில் செய்தேன். கிட்டுக்குக் காசு கட்டுபடியாகாது என்றால் இது நல்ல தொடக்கம். காகிதத்தில் அச்சு வெட்டி, ஃபோமில் வரைந்து, கூரான கத்தியால் வெட்டி, வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சூடுகாட்டினால் மேல்பரப்பு மூடிக்கொள்ளும், வளைத்த வடிவத்தில் ஆறும். பசை இரண்டு பக்கமும் பூசி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அப்புறம் சேர்க்க வேண்டும். சாயம் அடிப்பதற்கு முன்னால் ஃபோமின் துளைகளை அடைக்கிற பூச்சு அவசியம். எனக்கு அதைச் சொன்னது கார் பம்பருக்குச் சாயம் அடிக்கும் ஒரு மாமா. மழைநாளில் அடிக்காதே, ஈரக்காற்றில் சாயம் வெளுத்து மங்கும் என்று சொல்லி, வெயில் ஏறின பிறகு பத்து மணிக்கு மேல் வரச் சொன்னார். அவர் சொன்ன நேரத்தில் அடித்தது இன்றும் பளிச்சென்று இருக்கிறது.

அண்ணா, ஒரு கேள்வி. வெள்ளை ஏபிஎஸ் மஞ்சளாகிவிடும் என்கிறார்களே, எப்படி வைத்திருக்கிறீர்கள்?

*

ஆமாம் தங்கச்சி, வெயில் பட்டால் மஞ்சளாகும். ஏபிஎஸ்ஸில் இருக்கும் ரப்பர் பகுதியைத்தான் புற ஊதாக் கதிர் முதலில் கெடுக்கும். போட்டு முடிந்ததும் வழலை போட்ட தண்ணீரில் நனைத்த துணியால் உள்ளேயும் வெளியேயும் துடைத்து, நிழலில் உலர்த்தி, மூடியுள்ள பெட்டியில் வைக்கிறேன். துண்டுகளுக்கு நடுவே பழைய கைலித்துணி. காரில் மட்டும் விட்டுவைக்காதீர்கள், மூடின காரின் சூட்டில் பசை இளகிப் பட்டை நகர்ந்துவிடும். அந்தச் சாயக்கார மாமா தலைக்கவசத்துக்கும் அடித்துக் கொடுப்பாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். வருகிற ஞாயிறு பீடோர் பக்கம் வருகிறேன்.