பாட்டிக்குக் கோபமே இல்லை

என் அக்கா மகளுக்கு அனோரெக்ஸியா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் மனநோய். அவள் சாப்பிடாததைப் பற்றி வீட்டில் பேசாத நாள் இல்லை. ஆனால் மற்றவர்களின் முகம் அவளுக்கு எப்படித் தெரிகிறது என்று யாரும் யோசித்ததில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒருநாள் மத்தியானம் பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கண் சரியாகத் தெரியாததால் புருவத்தைச் சுருக்கி, உதட்டை இறுக்கி, நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். இவள் சமையலறைக்கு வந்து மெதுவாகக் கேட்டாள்: "பாட்டிக்கு என்மேல கோபமா சித்தி? காலையில தோசைய மிச்சம் வெச்சதுக்கா?"

அவள் முகத்திலோ எதுவும் தெரியாது. என் மகள் நிச்சயதார்த்தப் புடவையைக் காட்டியபோது "நல்லா இருக்கு" என்றாள், அவ்வளவுதான். என் மகளுக்கு மனசு விட்டுப் போனது. அன்று ராத்திரி பார்த்தால், அதே புடவையின் பார்டரை நோட்டில் வரைந்துகொண்டிருக்கிறாள்!

மற்றவர் முகத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வதும், தன் முகத்தில் உணர்ச்சி தெரியாததும் இந்த நோய் உள்ளவர்கள் பலரிடம் உண்டு, எல்லாரிடமும் அல்ல என்றார் சைக்காலஜிஸ்ட். கண்களை மட்டும் காட்டும் 36 படங்களைக் கொடுத்து, நான்கு சொற்களில் எந்த உணர்ச்சி என்று கேட்கும் சோதனை ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் சைமன் பாரன்-கோஹன் குழு ஆட்டிசம் ஆய்வுக்காக உருவாக்கி, 2001-இல் திருத்தியது. அதிலும் இவர்களில் பலர் தடுமாறுகிறார்களாம். பட்டினிக்கும் இதில் பங்குண்டு. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆரோக்கியமான 36 ஆண்களுக்குச் சாப்பாட்டை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தபோது, அவர்களே எரிந்து விழுந்தார்கள், ஆட்களை விட்டு ஒதுங்கினார்கள். இதைக் கேட்ட பிறகு அக்கா "திமிர்" என்ற வார்த்தையை விட்டுவிட்டாள்.

"மனசுக்கு என்னடா?" என்றால் "வயிறு கனமா இருக்கு" என்பாள். தன் உணர்ச்சியே தனக்குப் பிடிபடாத இந்த நிலைக்கு அலெக்ஸிதிமியா என்று பெயர்.

இப்போது நாங்கள் முகத்தை நம்பாமல் வாயால் சொல்லிவிடுகிறோம். "எனக்குக் கோபம் இல்லம்மா, பயமா இருக்கு" என்று அக்கா தட்டு வைக்கும்போதே சொல்கிறாள். பாட்டியும் "கண்ணு தெரியலடி, அதான் மூஞ்சி இப்படி" என்கிறார். அதைக் கேட்டதும் அக்கா மகளின் தோள் தளர்வது கண்ணுக்கே தெரிகிறது.

வீட்டுக்குள் இது போதும். அடுத்த மாதம் கல்யாணம். பந்தியில் நாலு பேர் அவளையே பார்ப்பார்கள், "எலும்பும் தோலுமா ஆயிட்டியே" என்பார்கள். இதைக் கடந்து வந்த குடும்பத்தினர், உங்கள் பிள்ளையை எங்கே, யார் பக்கத்தில் உட்கார வைத்தீர்கள்?