மறு: 'திரளமுக்கம்' சரியா? வெள்ளிக்குள் வேண்டும்

வவுனியாவிலிருந்து:
பார்வை நரம்பு அழியும் 'கண்ணழுத்த நோய்' (குளுக்கோமா) பற்றிய பாடக்குறிப்பு வெள்ளி அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்தான் முட்டுகிறது. எலியின் ஒரு கண்ணில், வெண்விழிமேல் நாளத்தில் செறிந்த உப்புநீரை ஏற்றி, கண்ணுள் இருக்கும் நீர் வடியும் வழியைத் தழும்பாக்கி அமுக்கத்தை ஏற்றுகிறார்கள். மற்றக் கண் ஒப்பீட்டுக்கு. இரு கண்ணுக்குமான அமுக்க வித்தியாசத்தை நாள்தோறும் கூட்டுவார்கள்: 10 மி.மீ. இரசம் கூடி 28 நாள் நின்றால் 280 மி.மீ. இரச-நாள். இந்தத் தொகைக்குத் 'திரளமுக்கம்' என்று போட்டிருக்கிறேன்.

கிளிநொச்சியிலிருந்து:
ரீச்சர், முதலில் தலைப்பு. 'கண்ணழுத்த நோய்' என்றால், அமுக்கம் 21 மி.மீ. இரசத்தைத் தாண்டாமலே பார்வை நரம்பு அழிகிறவர்களை எங்கே வைப்பது? குளுக்கோமா என்றே விடுங்கள். 'அழுத்தம்' என்ற சொல் நம் பாடநூலில் மின்னழுத்தத்துக்குப் போய்விட்டது. 'திரளமுக்கம்' வினைத்தொகை, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பிள்ளைகள் வாசிப்பார்கள். அடுத்த பந்தியிலேயே விழித்திரைத் 'திரட்டுக்கலம்' (பார்வை நரம்பின் நார்கள் புறப்படும் கலம்) சாகிறது. குழப்பம். 'அமுக்கச் சுமை' போதும்.

முல்லைத்தீவிலிருந்து:
சுமை என்றால் இறக்கி வைக்கலாம். செத்த திரட்டுக்கலம் மீளாதே! அழுந்து–அழுத்து போல அமுங்கு–அமுக்கு. நரம்புநார் அமுங்குகிறது, தன்வினையிலிருந்து 'அமுங்குநாள்' என்று ஆக்கலாம். அமுக்கிராக் கிழங்கும் இந்த வேர்தானோ என்று...

கிளிநொச்சியிலிருந்து:
அண்ணை, கிழங்கைப் பிறகு கிண்டுவோம்.

மாங்குளத்திலிருந்து:
துருசு (மதகு) அடைபட்ட குளத்தில் எத்தனை அடி நின்றது, எத்தனை நாள் நின்றது இரண்டையும் பார்த்துத்தானே குளக்கட்டின் நிலையைச் சொல்வோம்? அதனால் 'சுமை' பிடிக்கிறது. ஆனால் 20 மி.மீ. 14 நாள் நின்றாலும் அதே 280தான். கேடு ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. அமுக்கம் மிக ஏறினால் விழித்திரைக்கு இரத்தமே ஓடாது, அது வேறு நோய். மயக்கமருந்து அமுக்கத்தை இறக்கிக் காட்டும். எலிக்கு இருட்டில் அமுக்கம் ஏறும். பகலில் ஒருமுறை அளந்தால் உச்சம் தப்பிவிடும். விழித்திருக்கும் எலியில், ஒரே நேரத்தில் அளந்தது என்று குறிப்பில் போடுங்கள். நரம்பு வெளியேறும் வாயிலில் சுண்டெலிக்கு நம்மைப்போல நரம்புநார்களைத் தாங்கும் சல்லடைத் தகடு இல்லை. அதையும் ஒரு வரி.

வவுனியாவிலிருந்து:
'சுமை'க்கு மூவர். 'அமுக்கச் சுமை' போகிறது. முதல் இடத்தில் மட்டும் 'அமுக்க மிகையின் நாட்கூட்டு' என்று விளக்கம்.

முல்லைத்தீவிலிருந்து:
நான் சம்மதிக்கவில்லை என்று பதிந்துகொள்ளுங்கள். 'இரச-நாள்' என்பதையாவது மி.மீ. இல்லாமல் தனியே விடாதீர்கள். விடுதிச் சாப்பாட்டு அட்டவணை என்று நினைப்பார்கள்.