எல்லாருக்கும் 'ஓம்' சொல்லிப்போட்டு இப்ப முழிக்கிறேன்

அச்சுக்கடைக்காரன்:
யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் சின்னதாக ஒரு அச்சுக்கடை வைத்திருக்கிறேன். கலியாண அழைப்பிதழ், பனர், கோப்பையில் படம் அடிக்கிறது, இப்படி. போன வருடம், 34 வயதில்தான், ஏடிஎச்டி, அதாவது கவனமும் அவசரமும் கட்டுக்குள் நில்லாத குறைபாடு என்று வைத்தியர் சொன்னார். 12 வயதுக்கு முந்தியே இப்படித்தானா என்று அம்மாவையும் கூப்பிட்டுக் கேட்டார், அம்மா ஒரு மணித்தியாலம் கதைத்தா.

மருந்து எடுக்கிறேன், இருந்து வேலை செய்ய முடிகிறது. ஆனால் இந்த வாய் அடங்குதில்லை. யாராவது வந்து புதுசாக ஒன்று கேட்டால் அது செய்து முடிந்த மாதிரியே மனதில் படம் ஓடும், உடனே ஓம். இப்போது கையில் 11 ஓடர், பாதி ஆவணிக் கலியாணங்கள், நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த சனம் வேறு அவசரப்படுத்துகிறது. மச்சானுக்கு இணையத்தளம் சும்மா செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன், வாசிகசாலைக்கும் செயலாளர் நான்தான். மூன்று நாளாக போனை எடுக்கப் பயமாக இருக்கிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஓய்வூதியர்:
இது எல்லாருக்கும் உள்ளதுதான் தம்பி. ஒரு டயரி வாங்கி எழுதுங்கோ.

அச்சுக்கடைக்காரன்:
ஆறு டயரி இருக்கு ஐயா. ஆறிலும் முதல் நாலு பக்கம்தான்.

சுன்னாகம் கேக் அக்கா:
ஐயா சொன்னது பாதி சரி. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று மனிசர் குறைத்துத்தான் கணக்குப் போடுவார்கள், உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே இதை எழுதிவிட்டார்கள். ஆனால் ஏடிஎச்டி உள்ள எங்களுக்கு அதோடு இன்னொன்றும் சேருகிறது, உளவியலாளர் ரசல் பார்க்லி நேரக்குருடு என்று சொல்வது. அடுத்த வெள்ளி என்றால் அது எங்கோ தூரத்தில் இருக்கிற மாதிரி, வியாழன் இரவுதான் நெஞ்சு இடிக்கும்.

நான் கேக் செய்கிறேன், எனக்கும் ஏடிஎச்டி. ஒரு கேக்குக்கு இரண்டு மணித்தியாலம் என்றுதான் நினைத்திருந்தேன், ஒரு மாதம் மணிக்கூட்டைப் பார்த்து எழுதினால் ஐந்துக்குக் கிட்ட வந்தது, அலங்காரத்தை விட பெட்டி கட்டுவதும் ஆட்களோடு கதைப்பதும்தான் நேரத்தைத் தின்கிறது. இப்போது சுவரில் ஆறு கிளிப், ஒரு ஓடருக்கு ஒரு துண்டு. வெறும் கிளிப் இல்லையென்றால் ஓடர் இல்லை. கண்ணில் படாதது எனக்கு உலகத்திலேயே இல்லை, அதனால்தான் டயரி உதவவில்லை.

இன்னொன்று, விலையும் திகதியும் நான் சொல்வதே கிடையாது, தங்கச்சிதான். நான் சிரித்துக் கதைப்பேன், "நாளைக்குப் பத்து மணிக்குத் தங்கச்சி எடுப்பா" என்று முடித்துவிடுவேன். அந்த ஒரு இரவு போதும், ஆசை பாதி இறங்கிவிடும். சனம் கோபிக்கும் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. பிந்திக் கொடுத்தபோதுதான் கோபித்தார்கள்.

வடமராட்சியான்:
அக்கா சொன்னது இனிமேலுக்கு. இருக்கிற 11ஐ என்ன செய்வது? கலியாணக் காட் மட்டும் முதலில் எடுங்கள், நாள் வைத்தாயிற்று, முகூர்த்தம் முடிந்த பிறகு காட்டை யாருக்குக் கொடுப்பது? மிச்ச ஆட்களுக்கு இன்றைக்கே நீங்களே எடுத்து, வேறு கடைக்கு மாற்றிவிடவா, முற்பணத்தைத் திருப்பித் தரவா என்று கேளுங்கள். போனை எடுக்காமல் இருப்பதுதான் பேரைக் கெடுக்கும். வாசிகசாலைக்கு வேறு செயலாளர் கிடைப்பார், பயப்படாதீர்கள். மச்சானிடம் உண்மையைச் சொல்லுங்கள், அவரும் மறந்திருப்பார்.

அச்சுக்கடைக்காரன்:
நாலு பேருக்கு எடுத்தேன். ஒருவர் நல்லாக ஏசினார், மூன்று பேர் சரி என்றார்கள். மச்சான் மறக்கவில்லை.

திகதி சொல்லும் வேலையை மனிசியிடம் கொடுத்தாயிற்று. இதை எழுதும்போதே ஒருவர் வந்து ரீசேட் அடிப்பீர்களா என்று கேட்டார், மனிசியைக் கைகாட்டிவிட்டேன்.

சுன்னாகம் கேக் அக்கா:
ரீசேட் அடிக்கிற மெஷின் இருக்கோ உங்களிட்ட?

அச்சுக்கடைக்காரன்:
இல்லை அக்கா. விலை பார்த்துக்கொண்டிருந்தேன்.