பனிமேட்டில் முழங்கால்: பெண்கள் மோகல்ஸ் போட்டியை நாங்கள் பார்த்த கதை

பாளையங்கோட்டையிலிருந்து

2014 ஜனவரியில் என் வலது முழங்கால் போனது. கபடி மாட்ச். ரெய்டு போய்விட்டுக் கோட்டைத் தொடத் திரும்பினேன். ஊன்றிய கால் ஊன்றியபடியே நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். முதலில் போன மருத்துவமனையில் வெறும் சுளுக்கு என்று கட்டுப்போட்டு அனுப்பிவிட்டார்கள். வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்த பிறகுதான் ஜவ்வு முழுவதுமாகக் கிழிந்திருப்பது தெரிந்தது. வீணாய்ப்போன அந்த நாட்களை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

கட்டிலே கதி என்று கிடந்தேன். தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப் இருந்தது. கபடி பார்த்தால் அழுகை வந்தது. வேறு எதையோ தேடப்போய், ரஷ்யாவின் சோச்சியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்கள் மோகல்ஸ் போட்டி கண்ணில் பட்டது. பனிச்சறுக்கு என்றால் வழுக்கிக்கொண்டு போவது என்று மட்டுமே நினைத்திருந்தேன். இது அப்படி இல்லை. சரிவு முழுக்க, இட்லித் தட்டைக் கவிழ்த்துவைத்தாற்போல் வரிசை வரிசையாகப் பனிமேடுகள். மொட்டைமாடிப் படிக்கட்டு அளவுக்குச் செங்குத்து; நீளம் ஏறத்தாழ 250 மீட்டர். வழியில் இரண்டு இடத்தில் அந்தரத்தில் எழும்பிச் சுழல வேண்டும். எல்லாம் சேர்த்து அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

என்னைப் பிடித்து நிறுத்தியது அவர்களுடைய முழங்கால்தான். மேடு வரும்போது கால் நெஞ்சுவரை மடிகிறது, பள்ளத்தில் நீள்கிறது. ஒரு நொடிக்குள் இரண்டு மூன்று மேடு. அதற்கு மேலே இடுப்பு, தோள், தலை எதுவும் குலுங்குவதில்லை. எங்கள் அம்மன் கோவில் கொடையில் கரகம் ஆடுகிறவளின் கால் அவ்வளவு வேகமாகத் தட்டும்போதும் தலையில் இருக்கும் குடம் அசையாதே, அதே அழகு. கால்சட்டையில் முழங்கால் இருக்கும் இடத்தில் மட்டும் வேறு நிறத்தில் துணி வைத்துத் தைத்திருந்தார்கள். இரண்டு முழங்காலும் ஒட்டி இருக்கின்றனவா, விலகிவிட்டனவா என்று நடுவர்களுக்குத் தெளிவாகத் தெரிவதற்காம். இப்போதைய கணக்கில் நூற்றுக்கு அறுபது மதிப்பெண் மேடுகளுக்கு நடுவே திரும்பி வரும் லாவகத்துக்கு. தாவலுக்கு இருபது, வேகத்துக்கு இருபது. முதலில் வந்து சேர்கிறவள்தான் ஜெயிப்பாள் என்பது இல்லை. இது எனக்கு மிகவும் பிடித்தது.

பிறகுதான் ஹைடி குளோசரைப் பற்றிப் படித்தேன். அதே போட்டிக்கு வந்த அமெரிக்கப் பெண். தகுதிச் சுற்றுக்கு முந்தைய பயிற்சி ஓட்டத்தில் விழுந்து, ஜவ்வு கிழிந்து, தொடை எலும்பிலும் முறிவு. ஆம்புலன்ஸில் போகும்போது, "நான் இன்னமும் ஒலிம்பிக் வீராங்கனைதானே?" என்று அப்பாவிடம் கேட்டாளாம். மறுநாள் தொடக்கவிழா அணிவகுப்பில் ஊன்றுகோலோடு நடந்தாள். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் சுவரோடு என் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது.

நான் மறுபடி ரெய்டு போகவில்லை. இன்று ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் ஒரு மாதம் கபடி கிடையாது, குதித்து இறங்கப் பழக்குவதுதான் வேலை. இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயக்கூடாது, பாதத்துக்கு நேராக மடிய வேண்டும். சாக்பீஸால் முழங்காலில் ஒரு வட்டம் போட்டுவிடுவேன். சாய்ந்தால் அந்த வட்டம் காட்டிக்கொடுத்துவிடும். சோச்சியில் பார்த்துக் கற்றுக்கொண்டது அது.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து

பாளையங்கோட்டை அக்கா சொல்லும் அதே போட்டியை எனக்கு ஒரு படம்தான் காட்டியது. மேடையில் இரண்டு பெண்கள் கைகோத்து நிற்கிறார்கள். தங்கம் வாங்கிய ஜஸ்டீன் டுஃபூர் லாப்வாந்த், வெள்ளி வாங்கிய அவள் அக்கா க்ளோயி. கனடாவின் மாண்ட்ரியல் ஊர்க்காரர்கள். அன்றைய மதிப்பெண் கணக்கு வேறு, நூற்றுக்கு அல்ல; தங்கைக்கு 22.44, அக்காவுக்கு 21.66. ஜஸ்டீனுக்கு அப்போது 19 வயது. அதற்கு முந்தைய ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹன்னா கியர்னிக்கு வெண்கலம்தான் கிடைத்தது.

எங்கள் வீட்டிலும் மூன்று பெண்கள். "மூன்றும் பெண்ணா?" என்று கேட்காத ஆள் இல்லை. அம்மா பீடி சுற்றுவாள். சாயங்காலம் நாங்கள் மூவரும் முறத்தைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். தகரத்தை அளவு வைத்துப் பெரியக்கா இலை வெட்டுவாள், நடுவள் தூள் வைத்துச் சுருட்டுவாள், நான் நூல் கட்டுவேன். பெரியக்கா பத்தாவதோடு நின்றுவிட்டாள். நாங்கள் இருவரும் காலேஜ் போனது அவள் சுற்றிய பீடியில்தான்.

செல்போனில் அந்தப் படத்தை அவளிடம் காட்டி, "இவர்களும் நம்மைப் போல மூன்று பேர் அக்கா, மூன்று பேருமே இந்தப் போட்டியில் இறங்கினார்கள்" என்றேன். அவள் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மூத்தவள் எங்கே?" என்று கேட்டாள்.

மூத்தவள் பெயர் மாக்சிம். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது பன்னிரண்டாம் இடம். அவள் கீழே நின்றிருப்பாள் என்றேன். "தங்கச்சிகள் ஜெயித்ததைப் பார்த்தாள் அல்லவா, அது போதும்" என்று சொல்லிவிட்டு அக்கா இலை வெட்டப் போய்விட்டாள். எனக்கு அது போதவில்லை. அன்று முதல் எந்தப் போட்டியைப் பார்த்தாலும் பன்னிரண்டாவதாக வந்தவளின் பெயரையும் தேடிப் படிக்கிறேன். 2018இல் கொரியாவின் பியோங்சாங்கில் பிரான்ஸின் பெரின் லஃபோன் தங்கம் வாங்க, ஜஸ்டீனுக்கு வெள்ளி. அதையும் அக்காவிடம் சொன்னேன். "சின்னவள் இன்னமும் விடவில்லையா!" என்று சிரித்தாள்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து

இருவரும் எழுதியதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை, பிள்ளைகளே. நான் நேரிலேயே பார்த்தேன். மகன் அமெரிக்காவில், யூட்டாவில் இருக்கிறான். 2002 ஒலிம்பிக் மோகல்ஸ் நடந்த டீர் வேலி மலையில் உலகக் கோப்பைப் போட்டி ராத்திரியில் நடக்கிறது என்று கூட்டிக்கொண்டு போனான். பார்க்க டிக்கெட் கிடையாது. அவ்வளவு பெரிய விளக்கு வெளிச்சத்தில், கீழே நின்று பார்த்தால் சரிவு என்று தோன்றவில்லை, சுவர் என்றுதான் தோன்றியது. காலில் மாட்டிய சறுக்குப் பலகைகள் பனித்தரையில் உரசும் சத்தம் தேங்காய் துருவுவது போல் கேட்டது. ஒவ்வொரு பெண் கிளம்பும்போதும் ஜனங்கள் மாட்டு மணியை ஆட்டுகிறார்கள்.

தாவி வந்து இறங்கும் இடத்தில் சிலர் மண்வெட்டியோடு நின்று பனியைக் கொத்திக் கொத்தி விட்டுக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். இறுகிப்போனால் விழுகிறவளுக்கு அடி பலமாகப் படும், அதனால் இளக்கிவிடுகிறார்கள் என்றான் மகன். முகம்கூடத் தெரியாத அந்த ஆட்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஒரு பெண் இரண்டாவது தாவலில் விழுந்து, ஒரு பலகை கழன்று மேலேயே நின்றுவிட்டது. அந்த ஓட்டம் இனிக் கணக்கில் சேராது என்றான் மகன். அவள் எழுந்து, பனியில் கால் புதையப் புதைய மேலே ஏறினாள். பலகையை எடுத்து, காலணியின் அடியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு மாட்டிக்கொண்டாள். பிறகு மிச்சம் இருந்த மேடுகளில் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் இறங்கி வந்தாள். பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி தன் மணியை என் கையில் கொடுத்தாள். அந்தப் பெண் கீழே வந்து சேரும்வரை நான் அதை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.