யோக்டோ பில்ட் தினமும் 3 மணி நேரம், ஷா256-உம் ஒத்துப்போகல

வணக்கம் மக்களே. ஐமேக்ஸ்8 போர்டுக்கு யோக்டோல (எம்பெடட் லினக்ஸ் இமேஜ் உருவாக்குற டூல்) இமேஜ் பில்ட் பண்றோம், ஜென்கின்ஸ்ல (பில்ட தானா ஓட்டுற சர்வர்) ஒவ்வொரு தடவையும் 3 மணி நேரம் ஓடுது. எஸ்ஸ்டேட் கேஷ (முன்னாடி பில்ட் ஆனத சேத்து வைக்கிற இடம்) என்எஃப்எஸ்ல, அதாவது நெட்வொர்க் ஃபோல்டர்ல ஷேர் பண்ணிதான் வச்சிருக்கோம், ஆனாலும் முக்கால்வாசி ரெசிபி (ஒவ்வொரு சாஃப்ட்வேரயும் எப்படி பில்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) மறுபடி கம்பைல் ஆகுது. இதுல கொடுமை என்னன்னா ஒரே கமிட்ட ரெண்டு தடவை பில்ட் பண்ணா இமேஜோட ஷா256 (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு ஹாஷ்) வேற வேற வருது, ஆடிட்ல கேக்குறாங்க. சீகேஷ் (சி கம்பைல் ரிசல்ட்ட சேத்து வைக்கிற டூல்) போட்டா சரியாகுமா?

ராத்திரி_பில்டர்:
சீகேஷ கடைசியா பாருங்க ப்ரோ, கேஷ் ஏன் மிஸ் ஆகுதுன்னே தெரியாம மேல இன்னொரு கேஷ் போட்டு என்ன பிரயோஜனம். யோக்டோவ ஓட்டுற பிட்பேக்லயே பிட்பேக்-டிஃப்சிக்ஸ்னு ஒண்ணு இருக்கு, நேத்து பில்டோட சிக்டேட்டாவையும் (ஒவ்வொரு டாஸ்க்கோட ஹாஷ் எதுலேருந்து வந்துச்சுன்னு எழுதி வைக்கிற ஃபைல்) இன்னைக்கு உள்ளதையும் அதுக்குக் குடுங்க, எந்த வேரியபிள் மாறிச்சுன்னு புட்டுப்புட்டு வைக்கும்.

கேட்டவர்:
அடப்பாவமே! டார்கெட் சிஃப்ளாக்ஸ்ல (சி கம்பைலருக்குப் போற ஆப்ஷன்கள்) எவரோ ஜென்கின்ஸ் பில்ட் நம்பர மேக்ரோவா சொருகி வச்சிருக்காங்க. எல்லா ரெசிபிலயும் அது போகுது.

ராத்திரி_பில்டர்:
ரெண்டு வியாதிக்கும் அதான் காரணம். ஃப்ளாக் மாறினா டாஸ்க் ஹாஷ் மாறும், கேஷ் செத்துச்சு. பைனரிக்குள்ளயும் நம்பர் ஏறியிருக்கும். அதத் தூக்கிட்டு, கிட் கமிட் ஹாஷ ஒரே ஒரு குட்டி ரெசிபி வழியா ஈடிசி ஃபோல்டர்ல எழுதுங்க.

கோயமுத்தூரான்:
அதோட டிஃபோஸ்கோப் (ரெண்டு ஃபைலுக்குள்ள எங்க வித்தியாசம்னு காட்டுற டூல்) ஓட்டிப் பாருங்க. எங்களுக்கு மிச்சம் நின்னது ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் தான், அதோட அடையாள எண்ணான யூயூஐடியும், டைரக்டரி ஹாஷுக்கான சீடும் ஒவ்வொரு தடவையும் ரேண்டமா வருது, ரெண்டையும் ஃபிக்ஸ் பண்ணணும். வெண்டர் குடுத்த சி கோட்ல டேட், டைம் மேக்ரோ இருந்தா ஜிசிசி கம்பைலர் 7ல இருந்து சோர்ஸ் டேட் இபாக்க (பில்டுக்கு நிலையான தேதி குடுக்குற வேரியபிள்) மதிக்கும், அத செட் பண்ணாலே போதும். இன்னொண்ணு, 16 கோர்னா பிட்பேக் த்ரெட் 16, மேக்குக்கும் 16னு டிஃபால்ட்டாவே வரும், நேரம் கெட்டா 256 ப்ராசஸ். ரேம் 32 ஜிபின்னா கொறச்சு வைங்க, ஸ்வாப்ல போய் நின்னா கதை முடிஞ்சுது.

கேட்டவர்:
ஃப்ளாக்க எடுத்தாச்சு, இப்ப பில்ட் 22 நிமிஷத்துல முடியுதுண்ணா! யூயூஐடி ஃபிக்ஸ் பண்ணதும் ரூட்எஃப்எஸ் (போர்டோட முக்கிய ஃபைல் சிஸ்டம்) ஒத்துப்போச்சு. கெர்னல் மாட்யூல் ஒண்ணுல மட்டும் பில்ட் ஃபோல்டரோட பாத் ஒட்டிட்டு இருக்கு.

கோயமுத்தூரான்:
வெண்டர் மாட்யூலா? அது தன்னோட சிஃப்ளாக்ஸ தனியா வச்சுக்கும், அதனால அதோட மேக்ஃபைல்லயே ஃபைல் ப்ரிஃபிக்ஸ் மேப்ப (பைனரில வர்ற ஃபோல்டர் பாத்த மாத்தி எழுதுற கம்பைலர் ஆப்ஷன்) சேருங்க. ரிலீசுக்கு மட்டும் கேஷ் இல்லாம ரெண்டு வேற ஃபோல்டர்ல பில்ட் பண்ணி ஒப்பிட்டுப் பாத்துக்கோங்க, அது 3 மணி நேரம் ஓடினாலும் பரவால்ல.