சித்திரை மாதத்தில் மோவாப் பாறைப் பள்ளத்தாக்கில் பூக்களைத் தேடி ஒருநாள் நடை: வழி சொல்லுங்கள்

பம்பலப்பிட்டி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புத்தாண்டு விடுமுறையோடு சில நாட்களைச் சேர்த்து, கொழும்பிலிருந்து நாங்கள் நான்கு தோழிகள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குப் போகிறோம். எங்களில் ஒருத்தியின் அண்ணன் சோல்ட் லேக் சிட்டியில் குடும்பத்தோடு இருக்கிறார். அங்கிருந்து காரில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் போனால் மோவாப் என்ற சிற்றூர் வருமென்றும், அதைச் சுற்றியுள்ள செம்பாறைப் பள்ளத்தாக்குகளில் ஏப்ரல் மாதம் காட்டுப்பூக்கள் பூக்குமென்றும் அவர் சொல்கிறார். ஏப்ரல் 20ஆம் திகதிக்குப் பின்னர் ஒரு முழுநாள் அங்கே எங்களுக்குக் கிடைக்கும்.

நாங்கள் நால்வரும் சிவனொளிபாதமலை ஏறியவர்கள். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு வரையான சுற்றையும் இரண்டு முறை நடந்திருக்கிறோம். ஆனால் வறண்ட நிலத்தில் நடந்த அனுபவம் ஒருவருக்கும் இல்லை. ஒரே நாள் என்பதால் எந்தப் பாதையைத் தெரிவு செய்வது, மலை முழுவதும் செம்மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் படங்களைப் போல உண்மையிலேயே பார்க்கக் கிடைக்குமா, எவ்வளவு தண்ணீர் கொண்டுபோக வேண்டும் என்ற மூன்றையும் அறிந்தவர்கள் தெளிவுபடுத்தினால் பேருதவியாக இருக்கும். ஒரு தோழிக்கு முழங்கால் வலி உண்டு; செங்குத்தான இறக்கங்களில் அவருக்குச் சிரமம்.

தெஹிவளை நடையர் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. மேற்படிப்புக்காக யூட்டாவில் இருந்த காலத்தில் மூன்று வசந்தங்களை அந்தப் பள்ளத்தாக்குகளில் கழித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். நீங்கள் கடைசியாகக் கேட்ட தண்ணீரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கொழும்பில் வளர்ந்த உடம்பு அந்த இடத்தில் நம்மை ஏமாற்றிவிடும்.

இங்கே காலிமுகத்திடலில் அரை மணி நேரம் நடந்தாலே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது; வியர்வை வழிவதைக் கண்டு தண்ணீர் குடிக்கப் பழகியவர்கள் நாம். மோவாப் பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 230 மில்லிமீற்றர் அளவுதான், கொழும்பில் பெய்வதில் பத்தில் ஒரு பங்கு. காற்று அவ்வளவு உலர்ந்திருப்பதால் வியர்வை தோலில் தங்காமலே ஆவியாகிவிடும். என்னுடைய முதல் நடையில், ஏப்ரல் மாதத்து இதமான வெயிலில், வியர்க்கவே இல்லை என்று நம்பி இரண்டு மணி நேரத்தில் அரை லீற்றர்கூடக் குடிக்காமல் நடந்தேன். தலைவலி தொடங்கிய பின்னர் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றியபோது, அதன் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடாக உப்புப் படிந்திருந்தது. விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. அவ்வளவு நேரமும் நான் வியர்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆகவே தாகம் எடுக்கும்வரை காத்திராமல், கைக்கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை சில மிடறு குடியுங்கள். அங்குள்ள தேசியப் பூங்காக்கள் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லீற்றர் தண்ணீரை அறிவுறுத்துகின்றன, அதைக் குறைக்காதீர்கள். ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. இங்கிருந்தே ஜீவனிப் பொட்டலங்கள் நான்கைந்தும் கச்சானும் கொண்டுபோனால் உப்புக்கு வேறெதையும் தேட வேண்டியதில்லை.

பாதையைப் பொறுத்தவரை, என் தெரிவு கிராண்ட்ஸ்டாஃப் பள்ளத்தாக்கு. மோவாப் நகருக்கு வடக்கே, கொலராடோ ஆற்றை ஒட்டிச் செல்லும் 128ஆம் இலக்க வீதியில் மூன்று மைல் போனால் அதன் தொடக்கம் வரும். 1870களின் இறுதியில் அங்கே கால்நடை மேய்த்து வாழ்ந்த வில்லியம் கிராண்ட்ஸ்டாஃப் என்ற கறுப்பின மனிதரின் பெயர் அது. நெடுங்காலமாக இனத்தைச் சுட்டும் ஓர் இழிசொல்லோடு வழங்கிவந்த இடப்பெயரை 2017ஆம் ஆண்டில்தான் அதிகாரபூர்வமாக மாற்றினார்கள். போக வர ஏழு முதல் எட்டுக் கிலோமீற்றர். ஏற்றம் மென்மையானது, சிவனொளிபாதமலையின் படிகளோடு ஒப்பிட அதில் ஒன்றுமில்லை. முடிவில் மோர்னிங் குளோரி என்ற இயற்கைக் கற்பாலம் 243 அடி, அதாவது ஏறத்தாழ 74 மீற்றர் நீளத்துக்குத் தலைக்கு மேலே வளைந்து நிற்கும்.

அந்தப் பாதையை நான் சொல்வதற்குப் பாலம் மட்டும் காரணமல்ல. வறண்ட பள்ளத்தாக்குகளில் ஓடை ஓடும் பள்ளத்தாக்கு அபூர்வம். கிராண்ட்ஸ்டாஃபில் ஓடையோரம் கொட்டன்வூட் மரங்களும் வில்லோப் புதர்களும் பச்சைப் பசேலென்று நிற்க, அதிலிருந்து பத்தடி தள்ளி மணலில் பாலைச் செடிகள் நிற்கும். இரண்டு உலகங்களின் பூக்களையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

மலை முழுவதும் செம்மஞ்சளாகத் தெரியும் படங்கள் பெரும்பாலும் கலிபோர்னியாவில் நல்ல மழை பெய்த ஆண்டுகளில் எடுத்தவை. மோவாப்பில் அப்படி விரித்த கம்பளத்தை எதிர்பார்த்துப் போனால் மனம் சோர்ந்துவிடும். இங்கே ஒரு செடி, பத்து அடி தள்ளி இன்னொரு செடி, நடுவில் வெறும் சிவப்பு மண், அவ்வளவுதான். அந்த வெறுமைதான் ஒவ்வொரு பூவையும் நின்று பார்க்க வைக்கிறது என்பது என் அனுபவம். குளிர்காலத்தில் எவ்வளவு ஈரம் விழுந்தது என்பதைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறும்.

வெள்ளவத்தை தாவரவியல் ஆசிரியை (ஓய்வு) எழுதியது:

பிள்ளைகளே, நடையர் தம்பி சொன்னதோடு பூக்களைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். என் மகள் அந்த நாட்டில் இருப்பதால் இரண்டு முறை ஏப்ரல் மாதத்தில் அந்தப் பாறைகளுக்கிடையில் நடந்திருக்கிறேன். இரண்டு தடவையும் எனக்கு அறுபது வயது கடந்திருந்தது. ஊர் புதிதாக இருந்தாலும் செடிகளில் பாதி நம் உறவுக்காரர்கள் என்பதை நீங்கள் தெரிந்துகொண்டு போனால், பெயர் தெரியாத பூக்கள் என்ற தயக்கம் இராது.

பாதையோரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் சிறு கிண்ணங்களாகப் பூத்திருப்பது குளோப்மாலோ. அதன் நடுவே உற்றுப் பாருங்கள்: மகரந்தத் தாள்கள் ஒன்றாக இணைந்து ஒரு குழாயாக நிற்கும். உங்கள் வீட்டு முற்றத்துச் செவ்வரத்தையில் வெளியே நீண்டு நிற்கிறதே, அதே அமைப்புத்தான். இரண்டும் ஒரே குடும்பம். விரல் நகமளவு பூவில் அந்தக் குழாயைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

சிவப்புத் தூரிகையைச் சாயத்தில் தோய்த்து மண்ணில் நட்டது போல நிற்பது பெயின்ட்பிரஷ். அதில் சிவப்பாகத் தெரிவது இதழ்களல்ல, பூவடிச் செதில்கள். கொழும்பு மதில்களில் படரும் காகிதப்பூவிலும் நிறம் அப்படித்தான் வருகிறது. உண்மையான பூ உள்ளே சிறிதாக, வெளிறி இருக்கும். இந்தச் செடி பக்கத்திலுள்ள புதரின் வேரில் தன் வேரைக் கொளுவி நீரும் சத்தும் உறிஞ்சிக்கொள்ளும். அதைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பிழைக்காது.

பாறை வெடிப்புகளில் குவியலாக இருக்கும் முட்செடியில் இரத்தச் சிவப்பாகப் பூப்பது கிளாரெட் கப் கள்ளி. தேன்சிட்டு அளவேயான ஹம்மிங் பறவைகள் அதை நாடி வரும். ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மாதத்தில்தான் அது நிறைவாகப் பூக்கும் என்பதால், உங்களுக்கு ஓரிரண்டு கிடைத்தாலே நல்ல வாய்ப்பு. வெள்ளையாகப் பெரிய இதழ்களோடு தரையோடு தரையாக இருக்கும் ஈவினிங் பிரிம்ரோஸ் அந்தி நேரத்தில் மலர்ந்து, இரவில் அந்துப்பூச்சிகளுக்குத் தேன் கொடுத்து, மறுநாள் வெயில் ஏறியதும் இளஞ்சிவப்பாக மாறி வாடிவிடும். காலையில் சீக்கிரம் போவதற்கு அதுவே போதிய காரணம்.

மஞ்சள் நிறத்தில் ஆள் இடுப்பளவு உயர்ந்து நிற்கும் பூந்தண்டைப் பார்த்தால் அது பிரின்சஸ் புளூம். மண்ணில் செலினியம் இருக்கும் இடத்தில் வளர்வது அது. யுரேனியம் கிடக்கும் பாறைகளில் செலினியமும் சேர்ந்திருப்பது உண்டு. அதனால் 1950களில் மோவாப்பைச் சுற்றி யுரேனியம் தேடியவர்களுக்கு இத்தகைய செடிகள் அடையாளம் காட்டின.

ஓர் எச்சரிக்கை. கற்பாலத்தின் அடியில் ஈரமான நிழலில் பொய்சன் ஐவி அடர்ந்து வளர்கிறது. ஒரு காம்பில் மூன்று பளபளப்பான இலைகள். மாங்காய்ப்பால் பட்டு வாயோரம் வெந்துபோன அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், அதே குடும்பத்துச் செடி, அதே வகை நஞ்சு, ஆனால் பன்மடங்கு கடுமை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீளக் காற்சட்டையோடு போங்கள். எதிலும் சாய்ந்து படமெடுக்காதீர்கள்.

கொட்டாஞ்சேனை எழுதியது:

நடையர் அண்ணாவின் தெரிவில் எனக்குச் சிறிய மாற்றுக் கருத்து உண்டு. அவ்வளவு தூரம் போகிறவர்கள் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவைப் பார்க்காமல் திரும்பினால் பின்னர் வருந்துவார்கள். காலையில் பூங்காவுக்குள் போய், மாலையில் கிராண்ட்ஸ்டாஃப் போகலாமே?

தெஹிவளை நடையர் எழுதியது:

தம்பி, பாறை வளைவுகளைப் பார்ப்பது நோக்கமென்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பூக்களைத் தேடிப் போகிறவர்களுக்கு இரண்டு இடம் என்பது இரண்டையும் அரைகுறையாக்கும். ஈவினிங் பிரிம்ரோஸ் வாடும் நேரத்தை ஆசிரியை அம்மா சொல்லியிருக்கிறார். காலை ஏழரைக்குக் கிராண்ட்ஸ்டாஃபில் நடக்கத் தொடங்கினால்தான் அது கிடைக்கும். வாகனத் தரிப்பிடமும் சிறியது, தாமதித்தால் இடமிராது. இரண்டு மணிக்குள் நடை முடிந்துவிடும். களைப்பில்லை என்றால் அதற்குப் பிறகு பூங்காவுக்குள் காரிலேயே ஒரு சுற்றுப் போய் வரலாம். நுழைவு விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் புறப்படுமுன் பூங்காவின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் முன்பு எழுத மறந்த ஒன்று உண்டு, அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது. பாதையை விட்டு விலகிய மணலில், கறுப்பாக, சின்னச் சின்னக் கோபுரங்கள் போல மேடு பள்ளமாக ஒரு படலத்தைக் காண்பீர்கள். காய்ந்த அழுக்கு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அது உயிருள்ளது. நுண்ணுயிர்களும் பாசிகளும் இலைக்கன்களும் சேர்ந்து, நூலிழைகளால் மணலைப் பிணைத்து, காற்று அள்ளிப் போகாமல் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த மண்ணுக்குத் தழைச்சத்தைக் கொடுப்பதும் மழையின் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அதுவே. ஒருவர் கால் வைத்தால் நொறுங்கிவிடும். பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். பூவுக்குக் கிட்டப்போய்ப் படமெடுக்க ஆசைப்பட்டு அதன்மேல் நடப்பவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பாதை, வெறும் பாறை, ஓடையின் மணற்படுகை ஆகிய மூன்றில் மட்டும் கால் வையுங்கள். எட்டாத பூவைத் தூரத்திலிருந்தே பாருங்கள்.

பம்பலப்பிட்டி வாசகி எழுதியது:

அண்ணாவுக்கும் ஆசிரியை அம்மாவுக்கும் மனமார்ந்த நன்றி. கிராண்ட்ஸ்டாஃப் என்றே முடிவு செய்துவிட்டோம். இன்னும் ஒன்றை மட்டும் கேட்கிறேன்: ஓடையைக் கடக்க வேண்டுமென்றால் முழங்கால் வலியுள்ள தோழிக்குச் சிரமமாக இருக்குமா? உடைகளையும் எப்படித் தெரிவு செய்வது?

வெள்ளவத்தை தாவரவியல் ஆசிரியை (ஓய்வு) எழுதியது:

பிள்ளை, ஓடையைப் பல இடங்களில் கடக்க வேண்டும். பெரும்பாலும் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான், ஆனால் கற்கள் வழுக்கும். நான் ஓர் ஊன்றுகோலோடு கடந்தேன். உங்கள் தோழிக்கு இரண்டு கோல்கள் கொடுங்கள். கல்லுக்குக் கல் தாவாமல், நனைந்தாலும் பரவாயில்லை என்ற சப்பாத்தோடு தண்ணீரிலேயே நடக்கச் சொல்லுங்கள். மாற்றுக் காலுறை ஒரு சோடி பையில் இருக்கட்டும். முதல் நாள் மாலையில் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். மேல்பக்கத்தில் மழை என்று இருந்தால் பள்ளத்தாக்குக்குள் போக வேண்டாம், வெள்ளம் சொல்லாமல் வரும். விடியற்காலையில் நுவரெலியாவை விடக் குளிரும். நண்பகலில் இருபது பாகையைத் தாண்டும். ஆகவே ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, வெயில் ஏற ஏறக் கழற்றிப் பையில் வையுங்கள். தொப்பியின் விளிம்பு அகலமாக இருக்கட்டும்.

குளோப்மாலோவின் நடுவே அந்தக் குழாயைப் பார்த்தீர்களா என்று திரும்பி வந்ததும் இங்கே எழுதுங்கள்.